நெடுந்தீவுக்குப் போக ஆறு நாள்

பெட்டிக்குள் என்ன வைப்பது என்று நான் சொல்லப்போவதில்லை. அது உங்களுக்கே தெரியும். நான் சொல்ல வந்தது வேறு. ஊருக்கு வருகிற திகதியைச் சொல்லுங்கள், திரும்புகிற திகதியைச் சொல்லாதீர்கள். கேட்டால் "பார்ப்பம்" என்று இழுத்துவிடுங்கள். திரும்பும் நாள் தெரிந்துவிட்டால், அதற்குள் உங்களைக் கொண்டு முடிக்க வேண்டிய காரியங்களைச் சொந்தக்காரர்கள் கணக்குப் பார்த்து வைத்துவிடுவார்கள்.

ஓகஸ்ட் மாதம் பதினாறு நாள் லீவு எடுத்துக்கொண்டு ரொறன்ரோவிலிருந்து தனியாகப் போனேன். கல்யாண வீடு, செத்த வீடு ஒன்றும் இல்லை. பத்தொன்பது வயது வரைக்கும் யாழ்ப்பாணத்தில் இருந்தவன் நான், ஆனால் யாழ்ப்பாணத்தை ஒழுங்காகப் பார்த்ததில்லை. அந்தக் காலத்தில் பாதி இடங்களுக்குப் போக விடமாட்டார்கள். மீதி இடங்களுக்குப் போகவேண்டும் என்று தோன்றவில்லை. உள்ளூர்க்காரன் எவன் வேலை மினக்கெட்டு ஒரு கிணற்றைப் பார்க்கப் போவான்? இந்த முறை அப்படியான இடங்களாகப் பார்த்து ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். எழுதியதில் பாதிகூட முடியவில்லை. முடிந்ததை முதலில் சொல்கிறேன்.

முதல் இடம் நிலாவரை. புத்தூருக்குப் பக்கத்தில், நவக்கிரியில் இருக்கிறது. பெரிய கிணறு. படியில் இறங்கிப் பார்த்தால் தண்ணீர் அசையாமல் கரும்பச்சையாக நிற்கும். வானரப் படை தாகத்தில் தவித்தபோது இராமன் அம்பை ஊன்றிய இடம் என்று ஒரு கதை. அடியே இல்லை என்று இன்னொரு கதை. இதற்குள் ஒரு தேசிக்காயைப் போட்டால் அது கீரிமலைக் கேணியில் வந்து மிதக்கும் என்பது மூன்றாவது. சின்ன வயதில் மூன்றையும் நம்பினேன். குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக் கல். மழைத்தண்ணீர் அதைக் கரைத்துக் கரைத்துக் குகையாக்கி, மேல்தளம் இடிந்து விழுந்தால் இப்படி ஒரு குழி வரும். மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்புத் தண்ணீர். கடல்நீரின் மேல் மழைநீர் மிதந்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான். அளவுக்கு மேல் இறைத்தால் உப்பு மேலே ஏறிவிடும். ஆறு என்று சொல்ல மழைக்கு மட்டும் ஓடும் வழுக்கையாற்றைத் தவிர வேறொன்றும் இல்லாத எங்கள் ஊரில், இந்த மெல்லிய நல்ல தண்ணீரை வைத்துத்தான் வெங்காயமும் புகையிலையும் விளைந்தன. பங்குக் கிணற்றுக்காக ஏன் தலைமுறை தலைமுறையாகக் கோட்டுக்குப் போனார்கள் என்பது நிலாவரைப் படியில் நின்றால் விளங்கும். எனக்கு அன்று விளங்கவில்லை. ஒரு கிழமை கழித்துத்தான் விளங்கியது.

இரண்டாவது, காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் நடுவில் கடலுக்குள் நிற்கும் கோட்டை. போர்த்துக்கேயர் கட்டியதை 1658இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். அவர்கள் கண்ணுக்கு இலங்கையின் வரைபடம் பன்றித் தொடை மாதிரித் தெரிந்ததாம். தொடை என்றால் குதி ஒன்று இருக்க வேண்டுமே, அதனால் இதற்கு ஹம்மன்ஹீல், பன்றித் தொடையின் குதி, என்று பெயர் வைத்தார்கள். பிறகு அது சிறையானது. 1971 ஜே.வி.பி. கிளர்ச்சிக்காரர்களையும் இங்கே அடைத்து வைத்தார்கள். இப்போது கடற்படை நடத்தும் விடுதி. ஒருகாலத்தில் தப்பி ஓட நினைத்த இடத்தில் இப்போது காசு கொடுத்துத் தங்குகிறார்கள்.

ஊர்க்காரர் அதைப் பூதத்தம்பி கோட்டை என்றும் சொல்வார்கள். ஒல்லாந்தர் காலத்துக் கதை அது. பூதத்தம்பியின் மனைவி அழகவல்லிமேல் கண் வைத்து அவமானப்பட்ட அந்திராசி, பழிவாங்க வழி தேடினான். கோட்டை வேலைக்கு மரம் எடுக்க வேண்டும் என்று சொல்லி, வெறும் கடதாசியில் பூதத்தம்பியின் கையெழுத்தை வாங்கினான். அதில் ராசதுரோகக் கடிதத்தை எழுதி ஒல்லாந்தரிடம் கொடுத்தான். பூதத்தம்பியின் தலை போயிற்று. கதைதான், ஆனால் நாட்டுக்கூத்தாக விடிய விடிய ஆடிய கதை. வெறும் கடதாசியில் கையெழுத்து வைக்காதே என்று யாழ்ப்பாணத்துக்காரனுக்கு இதைவிடப் பெரிதாக யாரும் படிப்பிக்க முடியாது.

மாவிட்டபுரம், கீரிமலை இரண்டையும் ஒரே காலையில் பார்த்துவிடலாம். குதிரைமுகத்தோடு வந்த சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி கீரிமலைத் தீர்த்தமாடி முகம் மாறிப் போனாளாம். மா விட்ட புரம், அதாவது குதிரை முகம் நீங்கிய ஊர். கடலோடு ஒட்டிய கேணியில் நல்ல தண்ணீர் ஊறுவது எந்தக் கதையும் இல்லாமலே அதிசயம். வடமராட்சியில் மணற்காட்டுக்கும் போங்கள், மணல் மேடுகளுக்குள் பாதி புதைந்த பழைய தேவாலயம் இருக்கிறது. செருப்போடு போக வேண்டாம்.

ஐந்தாம் நாள் இரவு சின்னையா, அதாவது என் சித்தப்பா, கேட்டார். "தம்பி, நீ வந்தனி நல்லதாப் போச்சு. ஒரு கையெழுத்துத்தான்."

அப்பாவின் பெயரில் மூன்று பரப்புத் தோட்டக் காணியும், பக்கத்துக் கிணற்றில் ஆறில் ஒரு பங்கும் இருக்கின்றன. கிணற்றைத் திருத்தி மோட்டர் போடச் சின்னையாவுக்குப் பங்காளர்களின் சம்மதம் வேண்டும். என் பங்கை நன்கொடை உறுதியாக, அதாவது நன்கொடைப் பத்திரமாக, தன் பெயருக்கு எழுதித் தந்தால் காரியம் லேசு என்றார். நான் உடனே சரி என்றேன். ஒரு காலை வேலை, பிறகு கொப்பியில் எழுதியிருந்த நெடுந்தீவு என்று நினைத்தேன்.

காலையில் அப்பாவின் காணி உறுதியைப் பார்த்த, பத்திரம் எழுதும் நொத்தாரிசு கண்ணாடியைக் கழற்றினார். உறுதியில் அப்பா "துரைராசா". மரணச் சான்றிதழில் "துரைராஜா". என் பிறப்புச் சான்றிதழில் மறுபடி ராசா. என் கனடாப் பாஸ்போட்டில் ஆங்கிலத்தில் மூன்றாவதாக ஒன்று. இவர்கள் எல்லோரும் ஒரே ஆள் என்று நிரூபிக்க வேண்டும். அந்தச் சாவுக்கும் ஜாவுக்கும் நடுவில் ஆறு நாள் போயிற்று.

முதல் நாள் விதானையாரிடம். இப்போது அவருக்குக் கிராம அலுவலர் என்று பெயர், ஆனால் சின்னையா விதானையார் என்றுதான் சொல்வார். அன்று அவர் வெளிவேலை. இரண்டாம் நாள் கடிதம் கிடைத்தது, அதோடு அலுவலகத்துக்குப் போனால் அந்தப் பிரிவைப் பார்க்கும் கிளாக்கர் லீவு. "வேறை ஆர் பார்ப்பினம்?" என்று கேட்டேன். "அவதான்" என்றார்கள். மூன்றாம் நாள் போயா. பௌர்ணமி என்றால் நாடே மூடும் என்பதை முப்பத்திரண்டு வருடத்தில் மறந்துபோயிருந்தேன். ரிக்கெற் போடுமுன் நாள்காட்டியில் பௌர்ணமியைப் பாருங்கள். நான்காம் நாள் கிளாக்கர் வந்தா, சத்தியக் கடதாசி இல்லாமல் முடியாது என்றா. சமாதான நீதவான் ஒருவரைத் தேடி, முத்திரை ஒட்டி, சத்தியம் செய்து வந்தபோது கொப்பி எடுக்கும் கடை பூட்டியாயிற்று. ஐந்தாம் நாள் போட்டோகொப்பியில் சீல் தெளிவில்லை.

கிளாக்கரைக் குறை சொல்லவில்லை. அவவுடைய மேசையில் என்னைப்போல நாற்பது பேருடைய அப்பாக்கள் கிடந்தார்கள். ஆனால் அன்று அப்படி நினைக்கவில்லை. குரலை உயர்த்தினேன். கனடாவில் இது இரண்டு நிமிட வேலை என்றேன். சொல்லக்கூடாத வாக்கியம் அது. அந்த மண்டபமே திரும்பிப் பார்த்தது. அவ மட்டும் நிமிர்ந்து பார்க்காமல், "ஐயா எத்தனை வருசம் இங்க இல்லை?" என்று மெதுவாகக் கேட்டா. படிவத்தில் நிரப்பத்தான் கேட்டா. அடுத்த கட்டம் நிரந்தர முகவரி. பேனாவை வைத்துக்கொண்டு இருந்தேன். சின்னையா தன் வீட்டு விலாசத்தைச் சொல்லச் சொல்ல எழுதினேன்.

ஆறாம் நாள், இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்து. உறுதியை எழுதும்போது நொத்தாரிசு எனக்கு ஒரு பாடமே நடத்தினார். காணி முதுசம், அதாவது பரம்பரைச் சொத்து, அதனால் யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி பார்க்க வேண்டும் என்றார். அந்தத் தேசவழமையை 1707இல் தொகுத்தவர் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்தத் திசாவை, அதாவது மாகாண அதிகாரி. உள்ளூர்த் தலைவர்களான பன்னிரண்டு முதலியார்கள் பார்த்துச் சரி என்று சொன்னார்கள். காணியை எழுதிவைத்த தோம்பு என்ற சொல்கூடப் போர்த்துக்கேயரோடு வந்தது. ஒல்லாந்தர் ஆண்ட கோட்டையில் அரை நாள்தான் நின்றேன். அவர்கள் எழுதிவைத்த சட்டத்துக்குள் ஆறு நாள் இருந்திருக்கிறேன்.

உங்களுக்குச் சொல்லக்கூடியது இவ்வளவுதான். காணி அலுவல் இருக்கிறது என்று தெரிந்தால், போகுமுன் நீங்கள் இருக்கும் நாட்டின் இலங்கைத் தூதரகத்தில் அற்றோனித் தத்துவத்தை (பவர் ஒஃப் அற்றோனி) எழுதிக் கையெழுத்து வைத்து அனுப்புங்கள். ஊரில் அதைப் பதிவு செய்தால் உங்கள் இடத்தில் இன்னொருவர் அலையலாம். எதற்கு அதிகாரம் கொடுக்கிறீர்கள் என்பதைக் காணியின் பெயரோடு எழுதுங்கள், பொதுவாக எழுதிப் பூதத்தம்பி ஆகாதீர்கள். வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்தவர்கள் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தையும் கேட்டறியுங்கள். வெளிநாட்டவர் காணி வாங்குவதை அது தடுக்கிறது, முதுசமாக வருவதைத் தடுக்கவில்லை. பெயர் எழுத்துகளை வீட்டிலேயே ஒப்பிட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, இது உங்களுக்கான ஆலோசனை இல்லை. உறுதி நாலாக மடித்து மடிப்பில் கிழிந்து, ஒரு மூலையில் மை கரைந்திருந்தது. இப்படியா வைத்திருப்பது என்று நொத்தாரிசுக்கு முன்னாலேயே சின்னையாவைக் கேட்டுவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தபிறகு சின்னம்மா சொன்னா. 1995 ஒக்ரோபர் 30 இரவு, போரில் இராணுவம் நெருங்க, வலிகாமம் பகுதியே எழும்பி நடந்தபோது, கொட்டும் மழையில் நாவற்குழிப் பாலத்தில் நின்ற இடத்திலேயே மணிக்கணக்காக நின்றார்களாம். சின்னையா சேட்டுக்குள் ஒரு சொப்பிங் பையைக் கட்டியிருந்தாராம். அதற்குள் அவருடைய உறுதி, அப்பாவுடைய உறுதி, என் பிறப்புச் சான்றிதழ். நான் அதற்கு இரண்டு வருடம் முன்பே கிளாலிக் கடலால் போய்விட்டேன்.

கடைசியில் நெடுந்தீவுக்கு ஒரே ஒரு நாள் மிஞ்சியது. "நீங்களும் வாங்கோ" என்று சின்னையாவைக் கேட்டேன். எழுபத்தொரு வயது, நெடுந்தீவை அவர் கண்டதில்லை.

பண்ணைப் பாலத்தால் போய் வேலணை, புங்குடுதீவு தாண்டினால் குறிகட்டுவான். அங்கிருந்து ஒரு மணித்தியாலப் படகு. காலைப் படகைப் பிடியுங்கள். ஓகஸ்ட் சோளகக் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று, வீசும் காலம், கடல் படகைத் தூக்கித் தூக்கிப் போடும். பங்குனி, சித்திரையில் போனால் நிம்மதி. இறங்குதுறையில் குமுதினி என்ற பெயர் காதில் விழுந்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றேன். 1985 மே 15 அன்று அந்தப் படகில் போன சனங்களை வெட்டிக் கொன்றார்கள். எனக்கு அப்போது பதினொரு வயது.

தீவில் ஓட்டோ பிடித்தோம். மதிலெல்லாம் முருகைக் கல், சாந்து இல்லாமல் அடுக்கியது. கோட்டை இடிபாடும் அதே கல். ஒல்லாந்தர் தங்கள் ஊர் நினைப்பில் டெல்ப்ற் என்று பெயர் வைத்த தீவு இது. அரபு மாலுமிகள் கொண்டுவந்ததாகச் சொல்லும் பெருக்கு (பாவோபாப்) மரமும், வருடா வருடம் உயர்கிறது என்று கும்பிடும் வளரும் கல்லும் உண்டு. அவற்றைத் திரும்பும் வழியில் பார்க்கலாம் என்று முதலில் குதிரைகளிடம் போனோம். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வெள்ளைக்காரரும் வளர்த்து, தேவை முடிந்ததும் அப்படியே விட்டுப்போன குதிரைகளின் வழி வந்தவை. காய்ந்த வெளியில் கூட்டம் கூட்டமாக நின்றன. விலா எலும்பு தெரிந்தது.

நான் படம் எடுத்தேன். சின்னையா கையை நெற்றியில் வைத்துச் சுற்றிப் பார்த்தார்.

"தம்பி, உதுகளுக்கு ஆர் தண்ணி வைக்கிறது?" என்று ஓட்டோக்காரரைக் கேட்டார்.

"மழை பெய்தால் குடிக்கும் ஐயா. கோடையிலை கனக்கச் செத்துப்போகும்."

"உரித்துக்காரர் ஒருத்தரும் இல்லையோ?"

"விட்டிட்டுப் போட்டாங்கள்தானே."

சின்னையா கிணறு எங்கே, எத்தனை பாக ஆழத்தில் தண்ணீர், உப்பா சவரா என்று கேட்டுக்கொண்டே வெளிக்குள் நடந்தார். ஓட்டோக்காரரும் கூடப் போனார். நான் கமராவை மூடினேன். அவர்கள் திரும்பி வந்தபோது கடைசிப் படகுக்கு அரை மணித்தியாலம்தான் இருந்தது. பெருக்கு மரத்தையும் வளரும் கல்லையும் பார்க்கவில்லை. போகிறவர்கள் மரத்தை முதலில் பாருங்கள், குதிரைகளைக் கடைசியில் வையுங்கள்.