மாஸ்க் போட்டால் கண்ணாடி பனிக்கிறதா? கசிவு எங்கே என்று பாருங்கள்

மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கம் கிரானைட் பட்டறைகளில் அடிக்கடி காதில் விழும் புகார் இது: "மாஸ்க் போட்டா கண்ணாடி பனிக்குது, மார்க் பண்ண கோடே தெரியல." சொல்லிக்கொண்டே மாஸ்க்கை மூக்குக்குக் கீழே இறக்கிவிடுவார்கள். முதல் தவறு அதுதான்.

மூக்கை ஒட்டிய ஓரத்திலிருந்து பாதுகாப்புக் கண்ணாடி பனித்தால் மூச்சு அங்கே மேலே கசிகிறது. விடும் மூச்சு வெளியேறும் சந்து வழியாகத்தான், இழுக்கும்போது கல்தூசி உள்ளே வரும். கல்லை அறுக்கும்போது கிளம்பி நுரையீரலின் அடிவரை போகும் சிலிக்கா தூசி கண்ணுக்கே தெரியாது. அரை மணி கழித்துக் கண்ணாடி முழுக்கப் பனித்தால் அது பெரும்பாலும் வியர்வை. கண்ணாடியின் பக்கத்துக் காற்றுத் துளைகளில் கல்மாவு அடைத்திருக்கிறதா பாருங்கள்.

என்95 (தூசி வடிகட்டும் மாஸ்க்) போடும்போது மூக்குக் கம்பியை ஒரு கையால் கிள்ளினால் நடுவில் கூரை மாதிரி மடிந்து, இரு பக்கமும் சந்து விழும். இரு கை விரல்களாலும் நடுவிலிருந்து கன்னம் நோக்கி அழுத்திக்கொண்டே போங்கள். மேல் பட்டை உச்சந்தலைப் பக்கம், கீழ்ப் பட்டை காதுக்குக் கீழே பிடரியில். இறுக்குகிறதென்று கீழ்ப் பட்டையை வெட்டிவிட்டாலோ, உறுத்துகிறதென்று உள்ளே கைக்குட்டை வைத்தாலோ என்95 வெறும் துணிதான். போட்டதும் இரு உள்ளங்கையால் மூடி வேகமாக ஊதுங்கள். ஓரத்தில் காற்று படக்கூடாது. மூச்சு வெளியேற வால்வு வைத்த மாஸ்க் என்றால் மூச்சை இழுத்துப் பாருங்கள், மாஸ்க் லேசாக உள்வாங்க வேண்டும்.

ஆபீஸ் ஃபேனுக்கு அடியில் ஒரு நிமிஷம் போட்டுப் பார்த்து "சரியா இருக்கு" என்பது சோதனையே இல்லை. மாஸ்க், கண்ணாடி, ஹெல்மெட் மூன்றையும் சேர்த்து மாட்டி, கட்டர் பக்கத்திலேயே கால் மணி நேரம் நில்லுங்கள். குனியுங்கள், தலையை இருபுறமும் திருப்புங்கள், சத்தமாகப் பேசுங்கள். கை நீட்டும் தூரத்தில் டேப்பின் மில்லிமீட்டர் கோடுகள் தெரிகின்றனவா? சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

மாஸ்க் போட்டவரைச் சுற்றி சாக்கரின் என்ற இனிப்புக் கரைசலைத் தெளித்து, உள்ளே இனிப்பு தெரிந்தால் கசிவு என்று சோதிப்பதென்றால் கால் மணி முன்பிருந்தே டீ, வெற்றிலை, பீடி எதுவும் கூடாது. முதலில் மாஸ்க் இல்லாமல் அந்த இனிப்பு நாக்கில் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தெரியாதவருக்கு இந்தச் சோதனை எப்போதும் 'பாஸ்'தான்! மாஸ்க் கம்பெனியோ சைஸோ மாறினால் மறுபடி சோதிக்க வேண்டும்.

கல்மாவு படிந்த துண்டால் கண்ணாடியைத் துடைத்தால் கீறல் விழும், பனி பிடிக்காத பூச்சும் போய்விடும். தண்ணீரில் அலசி, உதறி, மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள்.

கார்த்திகையில் மாலை போட்டவர்களின் தாடி தனிச் சிக்கல். முடிமேல் மாஸ்க் ஒட்டாது. தலையை மூடி உள்ளே சுத்தமான காற்று ஊதும் ஹூட் இல்லாத பட்டறையில், மாலை கழற்றும்வரை அவர்களைத் தூசி பறக்காத வேலைக்கு மாற்றிவிடுங்கள்.