லோ பாலி மந்திரவாதி: பிளெண்டர்ல முதல் கேரக்டர் செய்யறவங்களுக்கு

லோ பாலின்னா, அதாவது கம்மி முக்கோணத்துல செய்யற 3டி மாடல்னா, ஈஸினு நெனச்சு நெறைய பேர் பிளெண்டர்ங்கற 3டி சாஃப்ட்வேர்ல ஆரம்பிக்கிறாங்க, ஆனா முக்கோணம் கம்மியா இருக்கறப்பதான் ஒவ்வொண்ணையும் எங்க வைக்கறோம்ங்கறது பெரிய விஷயமாகுது. எனக்கு ஒரு கேமுக்காக 1000லிருந்து 1500 முக்கோணத்துக்குள்ள ஒரு கெழட்டு மந்திரவாதி வேணும்: கூம்பு தொப்பி, தாடி, அங்கி, கையில ஒரு கோல், அவ்ளோதான். முதல் கேரக்டருக்கு இவர நான் சொல்றதுக்குக் காரணம் இருக்கு, தாடி வாய மறைச்சிடும், அங்கி கால மறைச்சிடும், கஷ்டமான ரெண்டு இடம் போச்சு.

மொதல்ல உருவத்தோட வெளிக்கோடு. நெசமான மனுஷன் உயரம் ஏழரை தலைனு, அதாவது அவன் தலையோட உயரத்த மாதிரி ஏழரை மடங்குனு சொல்வாங்க, இவருக்கு மூணரை தலை போதும், கேம்ல கேமரா மேலேர்ந்து தூரமா பாக்கும், அதனால தலை, கை, தொப்பி மூணும் பெருசாத்தான் இருக்கணும். ஒரு கியூப் எடுத்து பாதிய வெட்டிட்டு மிரர் மாடிஃபையர் போடுங்க, ஒரு பாதிய செஞ்சா மறுபாதிய அதுவே கண்ணாடி மாதிரி காட்டும், அதுல கிளிப்பிங்க மறக்காம டிக் பண்ணுங்க, அதுதான் ரெண்டு பாதியும் நடுவுல பிரியாம ஒட்ட வைக்கும். நான் ஒரு தடவ விட்டுட்டேன், அனிமேஷன் வரைக்கும் போனப்புறம் நெஞ்சுக்கு நடுவுல மயிரிழை மாதிரி ஒரு பிளவு தெரிஞ்சுது, திரும்ப மொதல்லேர்ந்து வந்தேன்.

உடம்புக்குச் சுத்தி எட்டு பக்கம், கைக்கு ஆறு பக்கம் போதும். விரல் ஒவ்வொண்ணா வேணாம், கட்டைவிரல் மட்டும் தனியா, மீதி நாலும் ஒரே கட்டையா. அப்பப்போ வியூபோர்ட்ல, அதாவது மாடல் தெரியற ஜன்னல்ல, எல்லாத்தையும் ஒரே கருப்பு கலரா மாத்தி, தூரமா தள்ளி வச்சுப் பாருங்க. யாருன்னு அந்த நெழல்லயே தெரியணும். எனக்கு தொப்பி நுனிய கொஞ்சம் பின்னாடி மடிச்சு விட்டப்பதான் அவர் மந்திரவாதியா ஆனார், அதுக்கு செலவு ஒரே ஒரு எட்ஜ் லூப், அதாவது மாடலச் சுத்தி வளையமா ஓடற ஒரு கோடு.

முழங்கை பத்திக் கொஞ்சம் நிதானமா சொல்றேன், இங்கதான் பாதி கேரக்டர் கெட்டுப்போகுது. நடுவுல ஒரே ஒரு லூப் வச்சா கை மடங்கும்போது பழைய தண்ணி பைப்ப மடிச்ச மாதிரி நசுங்கிடும். மூணு லூப் வைங்க, அப்புறம் உள்பக்கம், அதாவது மடிப்பு விழற பக்கம், அந்த மூணோட புள்ளிகளையும் ஒண்ணாச் சேத்து மெர்ஜ் பண்ணிடுங்க, வெளிப்பக்கம் மட்டும் விரிஞ்சு இருக்கட்டும். ஆப்பு மாதிரி ஒரு வடிவம் வரும், மடக்கினாலும் முழங்கை முழங்கையாவே நிக்கும். அங்கிக்குள்ள தொடைய மாடல் பண்ணவே பண்ணாதீங்க, நடக்கும்போது துணியக் கிழிச்சுட்டு வெளிய எட்டிப் பாக்கும், செருப்பும் கணுக்காலும் இருந்தா போதும்.

கலருக்கு டெக்ஸ்சர் பெயிண்டிங் எல்லாம், அதாவது மாடல் மேல பிரஷ்ஷால வரையறதெல்லாம் வேணாம். 64க்கு 64 பிக்சல்ல ஒரு சின்னப் படம், அதுல கட்டம் கட்டமா கலர், ஒவ்வொரு ஃபேஸோட (மாடலோட ஒரு தட்டையான பரப்பு) யூவியையும், அதாவது அது படத்துல எந்த எடத்துக் கலர எடுக்கணும்ங்கற குறிப்பையும், ஒரே புள்ளியா ஜீரோவுக்குச் சுருக்கி வேணுங்கற கட்டத்துக்கு நடுவுல வைங்க. கேம்ல இருக்கற எல்லா கேரக்டருக்கும் அதே படம், அதே மெட்டீரியல் போதும், மொபைல்ல ஓட்டும்போது அந்த அரும தெரியும். இன்னொண்ணு, ஃப்ளாட் ஷேடிங், அதாவது ஒவ்வொரு ஃபேஸும் தனித்தனி தட்டையாத் தெரியற முறை, போட்டா வெர்டெக்ஸ் (மூலைப் புள்ளி) கூடும், 8 வெர்டெக்ஸ் கியூப் கேம் எஞ்சினுக்குப் போகும்போது 24 ஆகிடும், அதனால பிளெண்டர் காட்டற எண்ணிக்கைய மட்டும் நம்பாதீங்க.

கேரக்டர அசைக்கறதுக்கு உள்ள எலும்பு போடறதுக்கு முன்னாடி கண்ட்ரோல் ஏ அழுத்தி ரொட்டேஷன், ஸ்கேல் ரெண்டையும் அப்ளை பண்ணிடுங்க, ஃபேஸ் எந்தப் பக்கம் பாக்குதுனு கலர்ல காட்டற ஃபேஸ் ஓரியண்டேஷன ஆன் பண்ணி எங்கயாவது செவப்பு தெரியுதான்னும் பாத்துடுங்க, செவப்பா இருந்தா அந்த ஃபேஸ் உள்பக்கம் திரும்பிக் கெடக்குதுனு அர்த்தம், கேம்ல அந்த எடத்துல ஓட்டையாத் தெரியலாம். ஆட்டோமேட்டிக் வெயிட்ஸ், அதாவது எந்த எலும்பு எந்த எடத்த எவ்ளோ இழுக்கணும்னு பிளெண்டரே போடற கணக்கு, உடம்புக்கு ஓரளவு சரியா வரும், ஆனா தொப்பிய அதுகிட்ட விடாதீங்க, தோள் எலும்பும் சேந்து இழுத்து ரப்பர் மாதிரி நெளியும். தொப்பி முழுசும் தலை எலும்புக்கு வெயிட் 1, வேற எதுக்கும் கெடையாது. கோல உடம்போட சேக்காம தனி ஆப்ஜெக்டா கை எலும்புல மாட்டுங்க, நாளைக்கு அவர் கையில கோலுக்குப் பதிலா வெளக்கு குடுக்கணும்னாலும் மாத்திக்கலாம்.