உபுண்டுவில் என்விடியா டிரைவரை நிறுவும் முறை

ஹட்டனிலோ தலவாக்கலையிலோ பழைய மடிக்கணினியொன்றில் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவிய கையோடு, கிராஃபிக்ஸ் அட்டையை இயக்கும் மென்பொருளான டிரைவரைத் தேடி இணையத்தில் அலைபவர்கள், விண்டோஸ் பழக்கத்தாலேயே அப்படிச் செய்கிறார்கள். இன்டெல், ஏஎம்டி கிராஃபிக்ஸுக்கு வேண்டிய டிரைவர் லினக்ஸின் மையப் பகுதியான கேர்னலிலும் மேசா என்ற கிராஃபிக்ஸ் மென்பொருள் தொகுப்பிலும் ஏற்கெனவே இருப்பதால், அவற்றைக் கொண்டவர்கள் எதையும் தனியாக நிறுவத் தேவையில்லை. என்விடியா அட்டை உள்ளவர்கள் மட்டும் தொடர்ந்து வாசிக்கலாம்.

முதலில் செட்டிங்ஸில் 'அபவுட்' பக்கத்தைத் திறந்து, கிராஃபிக்ஸ் என்ற வரியைப் பாருங்கள். அங்கே 'எல்எல்விஎம்பைப்' என்று இருந்தால், அட்டை சும்மா இருக்க, புரொசசரே திரையை வரைந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

அடுத்து பட்டரியை முழுமையாகச் சார்ஜ் செய்யுங்கள். மழைக்காலத்தில் நம் தோட்டங்களில் மின்சாரம் சொல்லிவிட்டுப் போவதில்லை; தரவிறக்கமும் சில நூறு மெகாபைட் வரும்.

பிறகு 'சொஃப்ட்வெயார் அன்ட் அப்டேட்ஸ்' செயலியில் 'அடிஷனல் டிரைவர்ஸ்' பகுதிக்குச் சென்று, பட்டியல் தோன்றும்வரை காத்திருந்து, 'டெஸ்டட்' என்று குறிக்கப்பட்டதைத் தெரிவுசெய்து 'அப்ளை' பொத்தானை அழுத்துங்கள். பெரிய பதிப்பு எண் கொண்ட டிரைவர்தான் சிறந்தது என்று எண்ண வேண்டாம்: கெப்ளர் என்ற பழைய தலைமுறை என்விடியா அட்டைகளுக்கு 470 வரிசை டிரைவரே கடைசி; 'ஓப்பன்' என்று குறித்த டிரைவர்கள், 2018இல் வந்த டூரிங் தலைமுறை அட்டைகளிலிருந்தே வேலை செய்யும்.

பலர் இடறுவது இதற்குப் பின்னர்தான். கையொப்பமிட்ட மென்பொருளை மட்டுமே தொடக்கத்தில் அனுமதிக்கும் 'செக்கியூர் பூட்' பாதுகாப்பு இயங்கும் கணினியில் நிறுவலின்போது ஒரு கடவுச்சொல் கேட்கப்படும். அதைத் தமிழ் விசைப்பலகையில் அல்லாமல் ஆங்கில எழுத்துகளிலேயே கொடுங்கள். மறுதொடக்கத்தில் நீலத் திரையொன்று பத்து விநாடிகளே காத்திருக்கும். அதற்குள் ஏதாவதொரு விசையை அழுத்தி, டிரைவரின் கையொப்பச் சாவியைப் பதிவுசெய்யும் 'எண்ரோல் எம்ஓகே' என்பதைத் தெரிவுசெய்து, அதே கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். தேநீர் ஊற்றப் போய் அந்தத் திரையைத் தவறவிட்ட நான், டிரைவர் ஏன் இயங்கவில்லை என்று ஒரு மாலை முழுவதும் குழம்பியிருக்கிறேன்.

இற்றைப்படுத்தலுக்குத் தனி வேலை இல்லை. வழமையான 'சொஃப்ட்வெயார் அப்டேட்டர்' கேர்னலோடு டிரைவரையும் சேர்த்தே புதுப்பிக்கும். என்விடியா தளத்திலிருந்து நேரடியாக இறக்கி நிறுவும் கோப்பு இந்த ஒழுங்குக்கு வெளியே நிற்பதால், கேர்னல் மாறியதும் கறுப்புத் திரையில் கொண்டுபோய் விடலாம். புதியவர்கள் அதைத் தொடாதிருப்பதே நல்லது.

நிறுவல் நடுவில் மின்சாரம் நின்று கணினி அணைந்துவிட்டால் பதற வேண்டாம். தொடக்கத்தில் 'அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்' வழியாக 'ரிகவரி மோட்' சென்று, 'டிபிகேஜி' என்ற வரியைத் தெரிவுசெய்தால், அரைகுறையாக நின்ற பொதிகள் சீர்செய்யப்படும். அதன் பின் 'அடிஷனல் டிரைவர்ஸ்' பகுதியிலிருந்து மீண்டும் தொடங்குங்கள்.