தோட்டத்துக் கோயில் சுரூபம்: இது எந்தப் புனிதர்?

தோட்டம் (எஸ்டேட்) மூடியதும் பட்டணத்துக் கத்தோலிக்கக் கோயில் ஸ்டோருக்கு வந்த பழைய சுரூபங்களில் (புனிதர் சிலைகளில்) பெயர்ப்பலகை இருக்காது. திருநாளுக்கு இறக்கும்போது முதலில் தூசு தட்டுங்கள். காய்ந்த, மிருதுவான பிரஷ் போதும். ஈரத்துணி வேண்டாம். பிளாஸ்டரில் தண்ணீர் இறங்கினால் பெயின்ட் செதில் செதிலாக உரியும்.

முகத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். உடையையும் கையையும் பாருங்கள்.

அதிகம் குழம்புவது அந்தோணியாரும் சூசையப்பரும்தான். இருவரிடமும் குழந்தை இயேசு, லீலி மலர். தாடி இருந்தால் சூசையப்பர். தாடியில்லாமல், உச்சி மழித்து, பழுப்பு அங்கியும் இடுப்பில் முடிச்சுக் கயிறும் இருந்தால் பதுவை அந்தோணியார். திருநாள் ஜூன் 13.

மரத்தில் கட்டுண்டவர் செபஸ்தியார். அம்புகள் முதலில் தொலைந்துவிடும். உடம்பில் சிறு துளைகள் மிஞ்சும். பூச்சி அரித்தது என்று பட்டி வைத்து அடைத்துவிடாதீர்கள்.

ஈட்டியும் மூலைமட்டமும் தோமையாருக்கு. மயிலாப்பூர் சாந்தோம் பேராலயம் அவர் கல்லறை மேல்தான் எழுந்தது என்பது மரபு. சிறுமிக்குப் புத்தகம் காட்டும் பெண் அன்னம்மாள். ஜூலை 26-இல் புக்கிட் மெர்தாஜாமில் கூட்டம் அவருக்குத்தான்.

கறுப்பு அங்கி மேல் வெள்ளை மேலாடை, கையில் சிலுவை என்றால் சவேரியார். 1553-இல் அவர் உடல் சில மாதம் மலாக்கா செயின்ட் பால் குன்றுக் கோயிலில் இருந்து, பிறகு கோவா போனது. மலாக்கா குன்றில் உள்ள அவர் சிலைக்கு வலக்கை இல்லை. அதைப் பார்த்து நம் சுரூபத்தின் கையை யாரும் கழற்ற வேண்டாம்!

கை உடைந்திருந்தால் உள்ளங்கைத் துளையைப் பாருங்கள். நேராக ஊடுருவினால் கோலோ ஈட்டியோ இருந்திருக்கும்.