அவுட்புட்டில் ஒரு இடைவெளியைத் தொடும் முன்

போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் ரிக்ரஷன் டெஸ்ட் (புது மாற்றம் பழையதைக் கெடுக்கவில்லையே என்று பார்க்கும் சோதனை), கட்டளையை ஓட்டி வரும் அவுட்புட்டை 'எக்ஸ்பெக்டட்' ஃபோல்டரில் உள்ள கோப்போடு வரிக்கு வரி ஒப்பிடும். லாஜிக் சரியாக இருந்தாலும் ஓர் எழுத்து மாறினால் டெஸ்ட் விழும்.

அவுட்புட்டின் தோற்றத்தை மாற்றினால் இப்படி டெஸ்ட்கள் விழும்; அந்த விலைக்கு மாற்றம் தகுமா? போஸ்ட்கிரெஸ் 18-ஆம் பதிப்பில் எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸ் (ஒரு வினவலை ஓட்டி, அது எப்படி ஓடியது என்று காட்டும் கட்டளை) காட்டும் ரோ (வரிசை) எண்ணிக்கை 1 என்றில்லாமல் 1.00 என்று வருகிறது. இது தகும். வினவலின் ஒரு படி பலமுறை ஓடும்போது, லூப் (ஒரு சுற்று) ஒன்றுக்குச் சராசரி 0.40 ரோ வந்தால் முன்பு அது 0 என்று தெரிந்து ஆளை ஏமாற்றியது. வெறும் அழகுக்காக ஒரு தலைப்பை நீட்டுவது தகவே தகாது. பிஎஸ்க்யூஎல் (போஸ்ட்கிரெஸுக்குக் கட்டளை தரும் நிரல்) காட்டும் அட்டவணையில் நெடுக்கின் அகலத்தை, தலைப்பு உட்பட அதிலுள்ள மிக நீளமான பதிவுதான் தீர்மானிக்கும். தலைப்பு நீண்டால் கோட்டு வரி முதல் கடைசி ரோ வரை எல்லாமே நகரும். மாறிய வரிகளின் அந்தக் குவியலுக்குள் நிஜமான பிழை ஒன்று ஒளிந்துகொண்டால் யார் கண்ணிலும் படாது.

மாற்றியே ஆகவேண்டுமென்றால் அதைத் தனி கமிட்டாக (கோடில் பதியும் ஒரு தனி மாற்றமாக) வையுங்கள். பழைய, புதிய கோப்புகளின் வித்தியாசத்தைக் காட்டும் டிஃப்பை இடைவெளி பாராமல் ஓட்டி, மிஞ்சும் ஒவ்வொரு வரியையும் கண்ணால் படியுங்கள். பெயரில் '_1' என்று முடியும் மாற்று எக்ஸ்பெக்டட் கோப்புகளை (சூழலைப் பொறுத்து அவுட்புட் வேறாக வரும் இடங்களுக்கானவை) பலர் மறந்துவிடுகிறார்கள். உங்கள் கணினியில் ஓடும் டெஸ்ட் அவற்றைப் புதுப்பித்துத் தராது, கையால்தான் திருத்த வேண்டும்.

எக்ஸ்டென்ஷன் (போஸ்ட்கிரெஸுக்கான கூடுதல் இணைப்பு) எழுதுபவர்கள், எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸை டெஸ்ட்டில் வைத்தால் அதன் காஸ்ட்ஸ், டைமிங், சம்மரி, பஃபர்ஸ் ஆகிய நான்கு விருப்பங்களையும் ஆஃப் செய்துவிடுங்கள்; அவை காட்டும் எண்கள் மாறக்கூடியவை. பஃபர்ஸ் 18-இல் தானாகவே ஆன் ஆகிவிடுகிறது.