999 பச்சையாக வந்தால் க்ளெய்ம் போய்ச் சேர்ந்துவிட்டதா?

போன வாரம் எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் தன் டாஷ்போர்டைத் திருப்பிக் காட்டினார். அத்தனை வரியும் பச்சை. “அண்ணா, அனுப்பின 837 எல்லாமே அக்செப்டட்” என்றார். 837 என்பது அமெரிக்காவில் கிளினிக்குகள் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்பும் க்ளெய்ம் ஃபைல், 999 அதற்குத் திரும்பி வரும் முதல் பதில். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டால், “அதான் 999 வந்துடுச்சே!” எனக்கு வயிற்றைக் கலக்கியது. இதே ஓஎம்ஆரில் வேறொரு கம்பெனியில் உட்கார்ந்து, அச்சு அசலாக இதே வரியை நானும் ஒருகாலத்தில் சொல்லியிருக்கிறேன்.

அமெரிக்க மெடிக்கல் பில்லிங்கிற்கு மென்பொருள் எழுத வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எஸ்இ01-இல் செக்மென்ட் (ஃபைலின் ஒரு வரி) எண்ணிக்கை பிசகுவது, ஃபைலின் தலையிலும் வாலிலும் வரும் கன்ட்ரோல் நம்பர்களான ஐஎஸ்ஏ13-உம் ஐஇஏ02-உம் ஒத்துப்போகாதது இதையெல்லாம் விட்டுவிடுகிறேன். முதல் நாளே ஃபைல் திரும்பி வந்துவிடும், நீங்களே கற்றுக்கொள்வீர்கள். சத்தமே போடாமல் பணத்தைத் தின்கிறவை வேறு.

டெலிமிட்டரைக் கோடிலேயே எழுதி வைப்பது

தகவல்களைப் பிரிக்க எல்லோரும் நட்சத்திரக் குறியும் டில்டாவும்தான் அனுப்புவார்கள் என்று யார் சொன்னது? ஃபைலின் முதல் வரியான ஐஎஸ்ஏ செக்மென்ட் எப்போதும் 106 எழுத்து. நான்காவது எழுத்து எலிமென்டை (வரிக்குள் ஒவ்வொரு தகவலை) பிரிப்பது, 106ஆவது செக்மென்டை முடிப்பது. அங்கிருந்து படித்து எடுங்கள்.

999-ஐ நம்பித் தூங்கப் போவது

இதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாத எரிச்சல், அதுவும் என் மேலேயே.

தாலுகா அலுவலகத்தில் மனுவை வாங்கி, பக்கம் சரியாக இருக்கிறதா, கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்து ஒரு சீல் குத்திக் கொடுக்கிறார்கள். அதோடு வீட்டுக்குப் போய்ப் பட்டா கிடைத்துவிட்டது என்று சொல்வோமா? 999 அந்த சீல்தான். 5010 என்ற ஃபார்மேட்டின் இலக்கணப்படி ஃபைல் எழுதப்பட்டிருக்கிறது, அவ்வளவே. உள்ளே இருக்கும் ஒவ்வொரு க்ளெய்மையும் பேயர் (பணம் தரும் இன்ஷூரன்ஸ் கம்பெனி) எடுத்துக்கொண்டாரா, திருப்பிவிட்டாரா என்பதைச் சொல்வது அதற்குப் பின்னால் வரும் 277சிஏ என்ற இன்னொரு பதில் ஃபைல்.

எங்கள் வேலிடேட்டர் கெட்டியானது. டாக்டருக்கும் கிளினிக்குக்கும் தரப்படும் பத்து இலக்க அடையாள எண்ணான என்பிஐ-க்கு முன்னால் 80840 சேர்த்து லூன் என்ற சரிபார்ப்புக் கணக்குப் போட்டுப் பார்க்கிற அளவுக்குக் கெட்டி. ஒரு கிளினிக் புதிய குழு என்பிஐ-க்கு மாறியது, எண் சோதனையில் பாஸ், 999-உம் பாஸ். ஆனால் அந்த எண்ணைப் பேயரிடம் யாரும் பதிவு செய்திருக்கவில்லை. 277சிஏ-வில் எஸ்டிசி செக்மென்டில் ஏ7:562:85 என்று வரிசையாக வந்து விழுந்துகொண்டே இருந்தது. ஏ7 என்றால் தவறான தகவல், 562 என்பிஐ, 85 பில்லிங் ப்ரொவைடர்; இதைவிடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது. பதில் ஃபைல்களை எடுத்து வர நான் எழுதிய போலர் ப்ரோக்ராம் 999 என்று பெயரில் இருக்கும் ஃபைலை மட்டும் எடுக்கும், மற்றதையெல்லாம் ஆர்க்கைவ் ஃபோல்டருக்குத் தள்ளிவிடும். என் கைவண்ணம்.

மூன்று மாதம் தாண்டியபோது ஏஆர் காலிங்கில் (வராத பணத்துக்காகப் பேயரைக் கூப்பிட்டுக் கேட்கும் டீமில்) இருந்த அக்கா ஒருவர் நைட் ஷிஃப்ட் நடுவில் ஹெட்செட்டைக் கழுத்தில் போட்டபடி என் சீட்டுக்கு வந்தார். “என்னப்பா, நீ போயிடுச்சுங்கிற, அவன் க்ளெய்ம் நாட் ஆன் ஃபைல்ங்கிறான்?” அந்தப் பேயருக்கு டைம்லி ஃபைலிங் (க்ளெய்ம் அனுப்பும் கெடு) 90 நாள். மெடிகேர் (அமெரிக்க அரசு இன்ஷூரன்ஸ்) என்றால் சிகிச்சை நடந்த நாளிலிருந்து ஒரு வருடம் இருக்கிறது, மூச்சு விடலாம். இங்கே பாதி க்ளெய்ம்களுக்குக் கெடு முடிந்துவிட்டது. மறுபடி அனுப்பினோம், கெடு தாண்டியது என்ற சிஓ-29 கோடு போட்டு மறுத்தார்கள். சிஓ போட்டால் நோயாளியிடமும் கேட்க முடியாது, கிளினிக்தான் எழுதித் தள்ள வேண்டும். 999-ஐ அத்தாட்சியாகக் காட்டினோம், சிரிக்காத குறை. ஏற்கப்பட்ட 999-இல் க்ளெய்ம் எண்ணே இருக்காது, வெறும் கன்ட்ரோல் நம்பர்தான். அது எந்த நோயாளிக்கு அத்தாட்சி?

அதனால் செய்ய வேண்டியது: 837-இல் நீங்கள் அனுப்பும் சிஎல்எம்01 (உங்கள் க்ளெய்ம் எண்), 277சிஏ-வில் டிஆர்என்02-ஆகத் திரும்பி வரும். இரண்டையும் இணையுங்கள். ஏ2 வந்தால்தான் அட்ஜுடிகேஷனுக்குள் (பணம் தரலாமா என்று பேயர் முடிவெடுக்கும் கட்டத்துக்குள்) போயிருக்கிறது. ரிஜெக்ட் ஆனதைக்கூட யாராவது கவனித்துவிடுவார்கள், பதிலே வராத க்ளெய்மைத்தான் எவரும் தேடுவதில்லை. அதற்குத் தனிப் பட்டியல் போட்டு, எத்தனை நாளாகக் காத்திருக்கிறது என்ற எண்ணோடு தினமும் காலையில் மெயிலில் வரவையுங்கள்.

சிஎல்எம்01-இல் நோயாளியின் அக்கவுன்ட் எண்ணை அப்படியே போடுவது

அதே ஆள் நான்கு முறை டாக்டரைப் பார்த்தால் நான்கு க்ளெய்முக்கும் ஒரே எண். மேலே சொன்ன இணைப்பு அங்கேயே நாசம். ஒவ்வொரு க்ளெய்முக்கும் தனி எண், 20 எழுத்துக்குள்.

திருத்தியதை எல்லாம் 7 போட்டு அனுப்புவது

பேயரிடம் க்ளெய்ம் இருந்து, அதை மாற்றுகிறீர்கள் என்றால் ஃப்ரீக்வென்சி கோடு (புதிய க்ளெய்மா, மாற்றா என்று சொல்லும் எண்) 7, கூடவே ஆர்இஎஃப் எஃப்8-இல் பேயர் கொடுத்த எண். 277சிஏ-விலேயே திரும்பியது என்றால் அவரிடம் மாற்ற எதுவுமே இல்லை, 1 போட்டுப் புதிதாகவே அனுப்ப வேண்டும். தலைகீழாகச் செய்து, உள்ளே இருப்பதற்கு மறுபடி 1 போட்டால் டூப்ளிகேட் என்று ஓஏ-18 வரும்.

தொகையை ஃப்ளோட்டில் வைப்பது

வேண்டாம்.

835-இல் பிஎல்பி குறி

835 பேயர் அனுப்பும் பணக் கணக்கு ஃபைல், பிஎல்பி அதில் மொத்தத் தொகையைச் சரிக்கட்டும் வரி. அங்கே ப்ளஸ் என்றால் வரும் பணத்தில் கழிக்க வேண்டும், மைனஸ் என்றால் கூட்ட வேண்டும். இதை நான் இரண்டு முறை தப்பாக எழுதியிருக்கிறேன், இரண்டாவது முறை மேலே கமென்ட் எல்லாம் போட்டு.