வீடியோ பாடத்தை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்

வகுப்பறையில் ஆசிரியர் எந்த நேரத்திலும் கேள்வி கேட்கலாம் என்பதே நம்மை விழிப்பாக வைத்திருக்கிறது. ஆன்லைன் பாடத்தில் அந்தக் கேள்வியை நாமேதான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வீடியோவை நிறுத்துங்கள். நோட்டை மூடிவிட்டு, அதுவரை கேட்டதை ஒரு வெற்றுத் தாளில் எழுதுங்கள். பாடம் என்ட்ரோபி (ஒரு பொருளின் துகள்கள் எவ்வளவு ஒழுங்கின்றி இருக்கின்றன என்பதன் அளவு) என்றால் வரையறையோடு நின்றுவிடாதீர்கள். பனிக்கட்டி உருகும்போது என்ட்ரோபி ஏன் கூடுகிறது என்று இரண்டு வரி எழுதிப் பாருங்கள். பேனா எங்கே தயங்குகிறதோ அந்தப் பகுதியை மட்டும் திரும்பக் கேட்டால் போதும்.

ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் பாடத்தைத் திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்ததிலோ, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் அவர்களை மிஞ்சிவிட்டார்கள். தேர்வுக்கு முந்தைய இரவில் எல்லா வீடியோவையும் இரட்டை வேகத்தில் ஓடவிடுபவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

ஆய்வகப் பயிற்சிக்கும் விவாதத்துக்கும் நேரடி வகுப்புதான் சிறந்தது என்பேன். கையில் கருவியைப் பிடித்திருக்கும்போதே தவறைத் திருத்த அங்கே ஆள் இருக்கிறார். வீடியோவில் புரியாத இடத்தின் நிமிடக் கணக்கைக் குறித்துவைத்து, ஆசிரியரைப் பார்க்கும்போது "இந்தப் படியிலிருந்து அடுத்த படி எப்படி வந்தது?" என்று குறிப்பாகக் கேளுங்கள். "ஒன்றும் புரியவில்லை" என்று சொன்னால் அவருக்கும் எங்கே தொடங்குவது என்று தெரியாது.